சாயங்காலம் ஒன்பது மணி!

வெளியூர்ப் பயணம் என்றால் நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே பார்க்க வேண்டிய இடங்களின் ஜாபிதா தயாராகிவிடும். காலை எட்டு மணிக்கு இது, பத்து மணிக்கு அது, சாப்பிட்ட கையோடு இன்னொன்று! ஊர் திரும்பியதும் எல்லாரும், "எத்தனை இடம் பார்த்தீங்க?" என்றுதான் விசாரிப்பார்கள். "எத்தனை நேரம் ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தீங்க?" என்று யாராவது கேட்டதுண்டா?

அப்படிக் கேட்டாலும் கூசாமல் பதில் சொல்லும்படியான ஊர் ஒன்று இருக்கிறது. ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியில், குவாதல்கிவீர் ஆற்றங்கரையில் உள்ள செவில்யா. ஆங்கிலத்தில் செவில் என்பார்கள். லண்டனில் இருக்கும் எங்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மே மாத நடுவில், மூன்று இரவு தங்குவதாக இந்த ஊருக்குப் போய்வந்தோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும் மட்டும்.

இந்த 'மட்டும்' சாதாரண விஷயமில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் நாங்கள் இருவர் மட்டும் போன பயணங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முதலில் மாமனார் மாமியார், பிறகு குழந்தைகள், பிறகு அவர்கள் படிப்பு, கல்யாணம், பிரசவம். இவர் ரிடையர் ஆன பிறகாவது நிம்மதியாக இருக்கலாம் என்றால், அதற்கு முன்பே சர்க்கரை வியாதி மூன்றாவது ஆளாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எட்டு வருஷமாக எங்கள் பேச்சில் பாதி, "மாத்திரை போட்டாச்சா?", "போட்டாச்சு" என்பதுதான். அதனால்தான் மகள் டிக்கெட்டை நீட்டியபோது எனக்கு ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். தெரியாத ஊர், தெரியாத சாப்பாடு. இவர் உடம்பு ஒத்துக்கொள்ளுமா?

ஊரே தூங்குகிறது!

லண்டனிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் செவில்யா வந்துவிடுகிறது. விமான நிலையம் ஊருக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில். பஸ்ஸும் உண்டு, டாக்ஸியும் உண்டு. (ஸ்பெயினின் தலைநகர் மத்ரீத் வழியாகப் போகிறவர்களுக்கு 1992-இல் தொடங்கிய அதிவேக ரயில் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும்.)

நாங்கள் அறை எடுத்திருந்தது சாந்தா க்ரூஸ் என்ற பழைய பேட்டையில். ஒரு காலத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி. டாக்ஸி ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் சந்துதான், வண்டி போகாது! இரு கையையும் நீட்டினால் இரு பக்கச் சுவரும் தட்டுப்படுமோ என்று தோன்றுகிற சந்துகள். கல் பாவிய தரையில் பெட்டியைக் 'கடகட'வென்று இழுத்துக்கொண்டு போனோம். வெயிலுக்குப் பயந்து கட்டிய சந்துகள் இவை. ஒரு வீட்டின் நிழல் எதிர் வீட்டின் மேல் விழும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நடந்து போகலாம். ஆங்காங்கே வாசல் இரும்புக் கதவின் வழியே பார்த்தால் நடுவில் முற்றம், சுற்றிலும் பூத்தொட்டி, சுவரில் வண்ண ஓடுகள், சில வீடுகளில் சின்ன நீரூற்று. நம் பக்கத்து முற்றம் வைத்த பழைய வீடு ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அறையில் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தபோது மணி நாலரை. தெருவில் ஈ, காக்கை இல்லை. கடைகளின் ஷட்டர் இறங்கியிருக்கிறது. நாலு ஹோட்டலில் எட்டிப் பார்த்தோம். நாலிலும் ஒரே பதில்: "சமையலறை மூடியாச்சு. ராத்திரி எட்டரைக்கு வாருங்கள்."

"எட்டரையா? ஏழரைக்கு நான் சாப்பிட்டாகணுமே! இது என்ன ஊரு?" என்று இவர் குரல் உயர்ந்தது. பசி வந்தால் இவருக்குக் கோபம் வரும். அது இவர் சுபாவமில்லை, சர்க்கரை இறங்குவதன் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். கைப்பையில் தயாராக வைத்திருந்த இரண்டு பேரீச்சம்பழத்தையும் பிஸ்கட்டையும் எடுத்துக் கொடுத்தேன். அதைச் சாப்பிட்டபடியே நடந்ததில், திருப்பத்தில் ஒரு சின்ன காபிக்கடை திறந்திருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் என் வயதில் ஓர் அம்மாள். பாஷை தெரியாது. நான் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்! ரொட்டியைக் குறுக்கே அறுத்து வாட்டி, அதன் மேல் துருவிய தக்காளியைப் பரப்பி, ஆலிவ் எண்ணெயை ஊற்றி, உப்புத் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். கூடவே கஃபே கோன் லெச்சே, அதாவது பால் காபி. சர்க்கரை பொட்டலமாகத் தனியே தருகிறார்கள், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இது பெரிய சௌகரியம். ஒரு வாய் சாப்பிட்டதும் இவர் முகம் தெளிந்தது. "பரவாயில்லையே! நம்ம வீட்டிலும் செய்யலாம் போலிருக்கே" என்றார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

கடிகாரத்தில் ஒரு தந்திரம்

இந்த ஊரில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல், நாலு வரை போகும். ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு. நடுவில் ஊர் ஓய்வெடுக்கிறது. 'இப்படி அகாலத்தில் சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?' என்றுதான் எனக்கும் தோன்றியது. விஷயம் வேறே!

பூமிப் படத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்பெயின் இருப்பது இங்கிலாந்துக்கு நேர் தெற்கே. நியாயமாகப் பார்த்தால் லண்டன் நேரம்தான் இங்கேயும் இருக்க வேண்டும். பக்கத்து நாடான போர்த்துகல்லில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் 1940-இல் ஃப்ராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனி நேரத்தோடு சேர்த்துவிட்டார்கள். அதை இன்றுவரை பழையபடி மாற்றவில்லை. கோடைகாலத்தில் ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளில் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வது தனி. செவில்யாவோ ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஆகவே மே மாதத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் இரண்டே காலுக்கு மேல்தான்! இருட்டத் தொடங்குவது ஒன்பதரைக்கு.

அதாவது, அவர்கள் இரண்டரை மணிக்குச் சாப்பிடுவது, வெயில் கணக்கில் நாம் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிடுவது போல. ஒன்பது மணிச் சாப்பாடு நம் ஏழு மணிச் சாப்பாடு. கடிகாரம்தான் முந்திக்கொண்டு ஓடுகிறதே தவிர, வயிறு சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பாங்கில் கணக்குப் பார்த்தவரல்லவா? இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "அட, நான் வழக்கமான நேரத்துக்குத்தான் சாப்பிடப் போறேன்!" என்று சிரித்தார். ஆனாலும் மருந்து விஷயத்தில் கணக்கு மட்டும் போதாது. ஊரிலிருந்து கிளம்புமுன்பே எங்கள் டாக்டரிடம், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் எந்த மாத்திரையை எப்படிப் போடுவது என்று எழுதி வாங்கியிருந்தோம். அதன்படி காலை ஒன்பதுக்கு ரொட்டி, இரண்டரைக்குச் சாப்பாடு, ஆறு மணிக்குச் சிற்றுண்டி, ஒன்பதுக்கு ராத்திரிச் சாப்பாடு என்று பிரித்துக்கொண்டோம். ஆறு மணிச் சிற்றுண்டி அந்த ஊர்க்காரர்களுக்கும் பழக்கமானதுதான். மெரியேந்தா என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

படி இல்லாத கோபுரம்

மறுநாள் காலை கதீட்ரலுக்குப் போனோம். அடேயப்பா, என்ன பிரம்மாண்டம்! கோதிக் பாணித் தேவாலயங்களில் உலகத்திலேயே பெரியது என்கிறார்கள். முன்பு இங்கே இருந்தது ஒரு பெரிய மசூதி. 1248-இல் ஊர் கிறிஸ்தவ அரசன் கைக்கு வந்தது. 1401-இல் மசூதியின் இடத்தில் கதீட்ரல் எழுப்ப முடிவு செய்து, நூறு வருஷத்துக்கு மேல் கட்டினார்கள். ஆனால் மசூதியின் கோபுரத்தை மட்டும் இடிக்க மனம் வரவில்லை போலும். அதன் தலையில் மணிக்கூண்டு வைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஹிரால்டா என்று பெயர். உயரம் நூறு மீட்டருக்கு மேல்.

"இந்த மூட்டுவலியோடு நான் ஏறவா?" என்று கீழேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் படியே இல்லை! சரிவுப் பாதையாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. முப்பத்தைந்து சரிவுகள், கடைசியில்தான் சில படிகள். தொழுகைக்கு அழைப்பவர் அந்தக் காலத்தில் குதிரை மேல் ஏறியே போக வசதியாக இப்படிக் கட்டினார்களாம். ஒவ்வொரு திருப்பத்திலும் ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் நின்றோம். ஜாபிதாவில் அன்றைக்கு ஆறு இடம். பத்தாவது ஜன்னலில் இவர் ஜாபிதாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்!

கீழே கொலம்பஸின் சமாதி. நாலு ராஜாக்கள் பெட்டியைத் தோளில் சுமப்பது போன்ற சிலை. மிளகைத் தேடிப் புறப்பட்டவர் கண்டது மிளகாயை! அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் உலகத்துக்கு வந்தன. அந்த வியாபாரத்துக்கெல்லாம் ஸ்பெயின் அரசு 1503-இல் அலுவலகம் திறந்தது இந்தச் செவில்யாவில்தான். மிளகாயை நம் நாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். மிளகாய் வற்றல் இல்லாமல் ஒரு குழம்பை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

கதீட்ரல் முற்றத்திலும் தெருவெங்கும் ஆரஞ்சு மரங்கள். ஆசைப்பட்டுப் பறித்தால் கசக்கும்! இந்தக் கசப்பு ஆரஞ்சில்தான் இங்கிலாந்துக்காரர்கள் மார்மலேட் செய்கிறார்கள். ஸ்பானிஷ் மொழியில் ஆரஞ்சுக்கு 'நாரான்ஹா' என்று பெயர். அரபு மொழியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்கம். இதற்கெல்லாம் மூலம் ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது மொழி ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நம் ஊறுகாய் ஜாடியில் இருக்கும் நார்த்தங்காயின் உறவுக்காரப் பெயர், இத்தனை தூரத்தில் தெருவுக்குத் தெரு நிற்கிறது! சாந்தா பவுலா கன்னிமாடத்தில் கன்னியாஸ்திரீகளே காய்ச்சிய பழப்பாகு விற்கிறார்கள். மகளுக்கு ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டேன்.

மேசையை விட்டு எழுந்திருக்காதீர்கள்

அன்று மதியம் ஊரோடு சேர்ந்து நாங்களும் தூங்கினோம். ஆறு மணிக்குச் சிற்றுண்டி. பிறகு ஆற்றங்கரையில் நடந்தோம். 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய பொற்கோபுரம் ஒரு பக்கம், 1852-இல் கட்டி முடித்த த்ரியானா பாலம் ஒரு பக்கம். சாலையோர ஜகரந்தா மரங்களெல்லாம் ஊதாப் பூவாய்ச் சொரிந்துகொண்டிருந்தன. மணி ஒன்பது ஆகிறது, இன்னும் சாயங்கால வெளிச்சம்! குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். தாத்தா பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் ஊரில் பொழுது சாயும் நேரத்தில் பார்க்கிற காட்சி.

ஒரு சின்னச் சதுக்கத்தில், ஆரஞ்சு மரத்தடியில் போட்டிருந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்தோம். கீரையும் கொண்டைக்கடலையும் சேர்த்துச் சீரகம், பூண்டு போட்டுச் செய்த ஒரு பண்டம் வந்தது. இந்த ஊரின் விசேஷம் இது. நம் கூட்டுக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். சாப்பிட்டு முடித்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று, பில் வரவில்லை. இருபது நிமிஷம், வரவில்லை. "மறந்துட்டாங்களோ?" என்றார் இவர்.

மறக்கவில்லை. நாமாகக் கேட்காமல் பில் கொண்டுவந்து வைத்தால், 'எழுந்து போ' என்று சொல்வது போலாகுமாம். சாப்பிட்டு முடித்த பிறகு அதே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அவர்கள் பாஷையில் ஒரு சொல்லே இருக்கிறது. சோப்ரெமேசா. 'மேசா' என்றால் மேசை. நம் 'மேசை'யும் போர்த்துக்கீசியர் நமக்குக் கொடுத்த அதே சொல்தான். சொல்லை வாங்கிக்கொண்டோம், அதில் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லையே!

நம் வீட்டில் எப்படி? அவர்களுக்குப் பரிமாறிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, நாம் தட்டு வைத்துக்கொள்ளும்போது அவர்கள் கை கழுவியிருப்பார்கள். எத்தனை வீட்டில் கணவனும் மனைவியும் சூடாக, ஒரே நேரத்தில், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? அன்றைக்குப் பரிமாற எனக்கு எதுவும் இல்லை. எடுத்து வைக்கப் பாத்திரம் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்கப் பாலும் பொங்கவில்லை. எழுந்திருக்க ஒரு காரணமும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து இவராகவே பேசினார். "அப்பாவுக்கும் சர்க்கரைதானே. கடைசியில கால்விரலை எடுத்தாங்க இல்லையா? எனக்கும் அப்படி ஆயிடுமோன்னு ராத்திரியில நினைச்சுப்பேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லலை."

எட்டு வருஷத்தில் இதை இவர் சொன்னது அன்றுதான். "நானும் அதைத்தான் நினைச்சுப்பேன். நான் சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு நானும் சொல்லலை" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் பயமெல்லாம் பேசினோம், பழசெல்லாம் பேசினோம். பில் கேட்டபோது மணி பதினொன்று.

மூன்றாம் நாள் ஜாபிதாவில் மிச்சமிருந்தவற்றில் இரண்டே இரண்டு இடம் பார்த்தோம். ஒன்று அல்காஸார் அரண்மனை. 14-ஆம் நூற்றாண்டில் பேத்ரோ என்ற கிறிஸ்தவ அரசன் முஸ்லிம் பாணிக் கைவேலைக்காரர்களை வைத்துக் கட்டியது. சுவரெல்லாம் சரிகை போன்ற சிற்பவேலை. இன்னொன்று 1929 கண்காட்சிக்காக அனிபால் கொன்ஸாலஸ் என்ற கட்டடக் கலைஞர் அமைத்த ஸ்பெயின் சதுக்கம். அரைவட்டமான கட்டடம், ஸ்பெயினின் ஒவ்வொரு மாகாணத்துக்கும் வண்ண ஓடு பதித்த ஓர் ஆசனம். ஓர் ஆசனத்தில் உட்கார்ந்தோம். எந்த மாகாணம் என்று கேட்காதீர்கள், பேச்சு சுவாரசியத்தில் கவனிக்கவில்லை!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அவசியம்.

* மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபரில் போவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். புயலுக்குப் பெயர் வைப்பது போல வெப்ப அலைக்கு 2022-இல் பெயர் வைத்த ஊர் இது! ஈஸ்டர் வாரத்திலும், அதையடுத்து வரும் வசந்தத் திருவிழாவிலும் அறை கிடைப்பது கஷ்டம்.

* பெட்டி சிறியதாக இருக்கட்டும். கல் பாவிய சந்தில் நீங்கள்தான் இழுக்க வேண்டும். காலைக் கடிக்காத பழகிய செருப்பு அல்லது ஷூ முக்கியம். சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்குமுன் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் சமதளமாக இருப்பதால் நடப்பது சிரமமில்லை.

* மருந்துகளையும் டாக்டர் சீட்டையும் கைப்பையிலேயே வையுங்கள். பச்சைச் சிலுவை விளக்கு எரிவது மருந்துக்கடை. அவசரத்துக்கு 112. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

* சைவ உணவுக்காரர்கள், "ஸோய் வெஹெத்தாரியானா" (நான் சைவம்) என்று சொன்னால் மட்டும் போதாது. காய்கறி சாலட்டிலும் மீன் தூவிவிடுவார்கள். "சின் ஹமோன், சின் அத்தூன்" (பன்றி இறைச்சி வேண்டாம், சூரை மீன் வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தக்காளி ரொட்டி, கீரைக் கொண்டைக்கடலை, தேன்பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல் (சர்க்கரை உள்ளவர்கள் பாகு இல்லாமல் கேட்கவும்), காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப் எல்லாம் கிடைக்கும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு அடை.

* கதீட்ரலுக்கும் அல்காஸாருக்கும் இணையத்தில் முன்கூட்டியே சீட்டு வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம்.

* பில் வேண்டுமென்றால், "லா க்வென்தா, போர் ஃபவோர்." ஆனால் அவசரப்பட்டுக் கேட்காதீர்கள்!

சென்னை திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் ஒரே ஒரு மாற்றம். ராத்திரிச் சாப்பாட்டை இருவரும் சேர்ந்தே சாப்பிடுகிறோம். சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் யாரும் எழுந்திருப்பதில்லை. பாத்திரம் காத்திருக்கட்டும், அதற்கென்ன கால் முளைத்து ஓடிவிடப் போகிறதா? இதற்கு விசாவும் வேண்டாம், விமானச் சீட்டும் வேண்டாம். இன்றைக்கே நீங்களும் முயன்று பாருங்களேன்!